கறுப்புக் கண்ணாடி மாட்டு... ஊரே காலி!

ஞாயிற்றுக்கிழமை சாயங்கால மெரினா எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பஜ்ஜிக் கடை, பலூன் சுடுற கடை, குதிரை, பட்டம், அலையில் பேன்ட்டைச் சுருட்டிக்கிட்டு நிற்கிற மொத்தக் குடும்பம்னு கால் வைக்க இடம் இருக்காது. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, ஆளே நடமாடாத மெரினாவை போட்டோ எடுக்க முடியுமா?

முடியும் பாஸ்! போட்டோஷாப் வேண்டாம். போலீஸை வைத்துக் கூட்டத்தைக் கலைக்கவும் வேண்டாம். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, நாலு நிமிஷம் சும்மா நின்றால் போதும். அலை எல்லாம் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும். நடந்தவர்கள், ஓடியவர்கள் எல்லாம் மாயம்!

அந்தக் கண்ணாடிக்குப் பெயர் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர். சுருக்கமா 'என்.டி'. இது செய்கிற மாயத்தைவிட, யாரை மாயமாக்குது, யாரை விட்டுவைக்குதுங்கிறதுதான் சுவாரஸ்யமான மேட்டர். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, ப்ளஸ் டூ லாகரிதம் போதும்.

குழாயை மூடு!

குடத்தில் தண்ணீர் பிடிக்கிறதா நினைச்சுக்குங்க. குடம்தான் கேமராவின் சென்சார், தண்ணீர்தான் வெளிச்சம். லாரிக் குழாயில் வைத்தால் ஒரே நொடியில் நிரம்பி வழியும். அதே குடம் நிரம்ப நாலு நிமிஷம் ஆகணும்னா என்ன செய்வீங்க? குழாயை மூடி, சொட்டு சொட்டாக விடுவீங்க. அந்தக் குழாய்த் திருகுதான் என்.டி ஃபில்டர்.

"அதான் கேமராவிலேயே அபர்ச்சர் இருக்கே, அதைச் சுருக்கினா போதாதா?" போதாது. சுள்ளென்ற வெயிலில் ஐ.எஸ்.ஓ 100, எஃப் 16 என்று வைத்தாலும் ஷட்டர் 1/125 நொடிக்குத்தான் திறக்க முடியும். அதுக்கு மேல திறந்தால் படம் வெள்ளைப் பேப்பர்தான். அபர்ச்சரை எஃப் 22 வரை சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் மங்க ஆரம்பிக்கும். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் படித்த அதே டிஃப்ராக்‌ஷன்.

வெளிச்சம் பாதியாகக் குறைந்தால் அது ஒரு ஸ்டாப். பத்து ஸ்டாப் ஃபில்டர் என்றால் பத்து முறை பாதி பாதியாக்கும். 2-ஐ பத்து முறை பெருக்கினால் 1,024. அதாவது ஃபில்டர் இல்லாமல் 1/60 நொடி தேவைப்பட்ட காட்சிக்கு, பத்து ஸ்டாப் போட்டால் சுமார் 17 நொடி. ஆறு ஸ்டாப் போட்டால் ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேல. ரெண்டையும் சேர்த்து மாட்டினால் பதினெட்டு நிமிஷம். டீ குடிச்சிட்டே வரலாம்.

இங்கேதான் கடைக்காரரிடம் நம்ம பசங்க ஏமாறுறாங்க. ஒரே ஃபில்டருக்கு மூணு பேர் வெச்சிருக்காங்க. 'பத்து ஸ்டாப்', 'என்.டி 1000', 'என்.டி 3.0' மூணும் ஒண்ணுதான். முதல் பெயர் எத்தனை முறை பாதியாகுதுன்னு சொல்லுது. ரெண்டாவது எத்தனை மடங்கு குறையுதுன்னு சொல்லுது. மூணாவது அந்த மடங்கோட லாக். ஆயிரத்தோட லாக் மூணு, அவ்ளோதான். ஒரு ஸ்டாப்புக்கு 0.3. இதை மட்டும் மனசில் வெச்சுக்கிட்டா, டப்பா மேல எந்த நம்பர் இருந்தாலும் கணக்கு போட்டுடலாம். 'என்.டி 8' என்றால் எட்டு ஸ்டாப் இல்லை, மூணே மூணு ஸ்டாப்தான். அதை மாட்டிக்கிட்டு மத்தியான வெயிலில் கூட்டத்தை மறைக்கலாம்னு நினைச்சா நடக்காது.

இன்னொரு ஐட்டமும் ஆசை காட்டும். வளையத்தைத் திருகினால் இருட்டு கூடிக் குறையுற வேரியபிள் என்.டி. உள்ளே ரெண்டு போலரைசர் கண்ணாடி, அவ்வளவுதான். ஒண்ணைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் குறையும். மாலஸ் விதியை இன்டர்னல் எக்ஸாமுக்கு எழுதினோமே, அது இங்கே உயிரோட இருக்கு. வீடியோ எடுக்கிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால், வைடு லென்ஸில் மாட்டி முழு இருட்டுக்குத் திருகினால் படத்தின் நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கறை விழும். நிமிஷக்கணக்கில் திறந்து வைக்கிற ஆசை இருந்தால் நேரான, மாறாத ஃபில்டர்தான் பெஸ்ட்.

ஷூ பாலிஷ் போட்ட மனிதர்

இப்ப 1838-க்குப் போவோம். பாரிஸில் பூல்வார் டு டெம்பிள் என்ற பரபரப்பான வீதி. தன் ஜன்னலிலிருந்து அதைப் படம் பிடிக்கிறார் லூயி டாகேர். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பதியவைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். தகடு ரொம்ப சோம்பேறி. வெளிச்சத்தைப் பிடிக்கச் சில நிமிஷங்கள் ஆகும். என்.டி ஃபில்டர் தேவையே இல்லை, தகடே பாதி என்.டி!

படத்தில் வீதி இருக்கு, மரங்கள் இருக்கு, கட்டடங்கள் ஜன்னல் ஜன்னலா தெளிவா இருக்கு. குதிரை வண்டிகளும் நடந்துபோன ஜனங்களும் மட்டும் இல்லை. எல்லாரும் நகர்ந்துகொண்டே இருந்ததால் தகட்டில் யாருமே ஒட்டவில்லை. ஒரே ஒரு ஓரம் தவிர. கீழே இடது பக்கத்தில் ஒருத்தர் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். அவர் பூட்ஸுக்கு இன்னொருத்தர் பாலிஷ் போடுகிறார். பாலிஷ் முடியும்வரை ஒரே இடத்தில் நின்ற காரணத்தால், அந்த வாடிக்கையாளர் படத்தில் விழுந்துவிட்டார். பாலிஷ் போட்டவரும் கொஞ்சம் மங்கலாக விழுந்துவிட்டார். போட்டோவில் பதிவான முதல் மனிதர்கள் இவர்கள்தான் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ரெண்டு பேருடைய பெயரும் யாருக்கும் தெரியாது.

1839-ல் பாரிஸில் இருந்த ஒரு அமெரிக்கர் இந்தப் படத்தைப் பார்த்து அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பத்திரிகையிலும் வந்தது. எழுதியது யார் தெரியுமா? சாமுவேல் மோர்ஸ். தந்திக்கு மோர்ஸ் கோடு கொடுத்த அதே ஆள்! நகர்ந்தது எதுவும் படத்தில் இல்லை என்பதை அவர் உடனே கவனித்துவிட்டார். ஈ.சி.இ பசங்க காலரைத் தூக்கிவிட்டுக்கலாம்.

ஏன் நகர்ந்தவர்கள் மறைகிறார்கள்? இதுவும் சிம்பிள் கணக்கு. நாலு நிமிஷம் என்றால் 240 நொடி. நடந்துபோகிற ஒருவர் படத்தின் ஒரு புள்ளியை அரை நொடி மறைப்பார். 480-ல் ஒரு பங்கு. மீதி 479 பங்கு நேரம் அந்தப் புள்ளியில் பதிவது அவருக்குப் பின்னால் இருக்கிற மணலும் கடலும்தான். அதனால் ஆள் அவுட். ஆனால் பைக் ஹெட்லைட் மறையாது. அதன் வெளிச்சம் சுற்றியிருக்கிற எதையும்விடப் பல மடங்கு அதிகம் என்பதால் கோடாக விழுந்துவிடும். ராத்திரி மேம்பாலத்திலிருந்து எடுக்கிற சிவப்பு - வெள்ளை ரிப்பன் படங்கள் அப்படி வருவதுதான்.

கட்டாயமா, விருப்பமா?

டாகேருக்கு வேறு வழியில்லை, தகடு அப்படி. ஆனால் 1/4000 நொடியில் ஷட்டர் அடிக்கிற காலத்தில் ஒருத்தர் வேண்டுமென்றே மெதுவாக எடுத்தால், அதுக்கு ஒரு காரணம் இருக்கணும் இல்லையா?

அலெக்ஸி டிடரென்கோவுக்கு இருந்தது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்காரர். 1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. கடைகளில் பொருள் இல்லை. நேற்றுவரை இருந்த நாடு இன்று இல்லை. அந்த வருஷங்களில் வாசிலியோஸ்த்ரோவ்ஸ்காயா மெட்ரோ ஸ்டேஷன் வாசல் படிக்கட்டில் முண்டியடிக்கிற கூட்டத்தை ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தார். படத்தில் முகமே இல்லை. ஆட்கள் சாம்பல் புகை மாதிரி படியேறிக்கொண்டிருக்கிறார்கள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்த கைகள் மட்டும் அங்கங்கே தெரிகின்றன. 'நிழல்களின் நகரம்' என்று அந்த வரிசைக்குப் பெயர் வைத்தார். கூட்டத்தைக் காணாமல் போகச் செய்ய அவர் மெதுவாக எடுக்கவில்லை. கூட்டம் காணாமல் போய்க்கொண்டிருப்பதைக் காட்டத்தான் எடுத்தார். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்க. நான் ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் முதல் தடவை பார்த்தப்ப ரொம்ப நேரம் அடுத்த படத்துக்குப் போகவே இல்லை.

இதைப் பார்த்த பிறகு, நம்ம கல்ச்சுரல்ஸ் போட்டோகிராஃபி கான்டெஸ்ட் போர்டைப் பார்த்தால் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருக்கு. எந்தக் காலேஜுக்குப் போனாலும் ஒரு பால் கடல், ஒரு ஒற்றைப் பாறை, கீழே 'அமைதி' என்று தலைப்பு. அழகாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனால் அது கோவளமா, கோவாவா, ஜப்பானா என்று கேட்டால் எடுத்தவருக்கே சந்தேகம் வந்துவிடும். மெரினாவில் எடுத்த படத்தில் கடல் மட்டும் இருந்து மெரினா இல்லைன்னா, அதுக்கு ஏன் பஸ் டிக்கெட் எடுக்கணும்?

சீனியரின் கேமராவையும் பத்து ஸ்டாப் ஃபில்டரையும் வாங்கிக்கொண்டு, வெளிச்சம் சாயுற நேரத்தில் கலங்கரை விளக்கம் பக்கம் போனேன். ட்ரைபாடை விரித்ததுமே "எந்த சேனல் தம்பி?" என்று நாலு பேர் வந்துவிட்டார்கள். சோளம் சுடுகிற ஒரு அக்காவிடம் கேட்டுவிட்டு, அவங்க கடைக்கு நேராக வைத்து ரெண்டு நிமிஷம் திறந்தேன். வந்த படத்தில் தள்ளுவண்டி, சோளக் குவியல், அடுப்பு எல்லாம் கூர்மை. கரி ஒரே சிவப்பா ஜொலிக்குது. அக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்ததால் புடவையும் முகமும் தெரியுது, லேசான கலங்கலோடு. விசிறிக்கொண்டே இருந்த கை மட்டும் இல்லை! அந்த ரெண்டு நிமிஷத்தில் மூணு தடவை குறுக்கே போன சுண்டல் பையனும் சுத்தமா இல்லை. பின்னால் ஓடி விளையாடிய ஒரு குழந்தையும் இல்லை.

ஸ்கிரீனில் காட்டினேன். "என் கை எங்கப்பா?" என்றார் முதலில். அப்புறம் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தப் பையன் வயித்துப் பொழப்புக்கு ஓடுறான், அவனைக் காணோம். நான் உக்காந்திருக்கேன், நான் இருக்கேன். நல்ல கேமராதான் போ!" என்று சிரித்தார்.

பாரிஸ் பாலிஷ்காரருக்கும் இந்த அக்காவுக்கும் நடுவில் 180 வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. ரூல் மட்டும் மாறவே இல்லை. அதனால் ஷட்டரைத் திறக்கிறதுக்கு முன்னாடி இந்த பிரேமில் யார் நகர்வாங்க, யார் நகர மாட்டாங்க, அதில் யார் நமக்கு வேணும்னு பாருங்க. அந்தச் சுண்டல் பையன் வேணும்னா 1/4 நொடி போதும். தூக்கும் அவனும் நடையுமா ஒரு இழுவையா வருவான். மறுநாள் அப்படித்தான் எடுத்தேன். எனக்குப் பிடிச்ச படம் அதுதான்.

எவ்வளவு நேரம்?

இதுக்கு ஒரே பதில் கிடையாது. கரையில் திரும்புகிற அலை மணலில் நூல் நூலாகக் கோடு போடணும்னா, கால் நொடியிலிருந்து ஒரு நொடி. பாறை இடுக்கில் அலை புகையா படியணும்னா அஞ்சாறு நொடி. முப்பது நொடியைத் தாண்டினால் கடல் கண்ணாடிதான், அலை என்ற ஒன்றே இருக்காது. மேகம் வானத்தில் இழுபடணும்னா ரெண்டிலிருந்து நாலு நிமிஷம், அதுவும் காற்று இருந்தால். அருவிக்கு பத்து ஸ்டாப் வேஸ்ட். அரை நொடியிலேயே தண்ணீர் பட்டு மாதிரி விழும். முப்பது நொடி வைத்தால் வேட்டி காயப்போட்ட மாதிரிதான் இருக்கும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. வரிசை மட்டும் முக்கியம். முதலில் ஃபில்டர் இல்லாமல் பிரேம் வைத்து, போகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றிவிடுங்க. ஃபில்டர் மாட்டிய பிறகு பல டி.எஸ்.எல்.ஆர் கேமராக்களுக்குக் கண்ணு தெரியாது, போகஸைத் தேடித் தேடி அலையும். ஃபில்டர் இல்லாத ஷட்டர் நேரத்தை ஒரு டெஸ்ட் ஷாட்டில் பார்த்து, ஆயிரத்தால் பெருக்குங்க. முப்பது நொடிக்கு மேல் போனால் பல்ப் மோடு, கையால் அமுக்காமல் கேபிள் ரிலீஸ். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அணைச்சிடுங்க, ட்ரைபாட் மேல அதுவே ஆட்டம் போடும். டி.எஸ்.எல்.ஆர் என்றால் பார்க்கிற கண்ணை ஒரு கறுப்புத் துணியால் மூடுங்க, அந்த வழியா வெளிச்சம் உள்ளே போய்க் கறை விடும். ஈர மணலில் ட்ரைபாட் காலை நல்லா அழுத்தி நடுங்க. அலை திரும்பும்போது காலுக்கு அடியில் மணலை உருவும், ரெண்டு மில்லிமீட்டர் இறங்கினாலும் படம் காலி. ரெண்டு நிமிஷம் எடுத்த பிறகு கேமரா இன்னும் ரெண்டு நிமிஷம் 'பிஸி' காட்டினால் பயப்படாதீங்க. சென்சார் நாய்ஸைக் கழிக்க, ஷட்டரை மூடிக்கிட்டு அதே நேரம் ஒரு இருட்டுப் படம் எடுக்குது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் மாதிரி தொல்லியல் துறை இடங்களில் ட்ரைபாடுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும்.

காசு இல்லையா? ஒர்க்‌ஷாப்புக்கு வா!

நல்ல பத்து ஸ்டாப் ஃபில்டர் விலை ஸ்டூடன்ட் பர்ஸுக்குக் கொஞ்சம் கனம்தான். ஆனால் நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் வெல்டிங் ஷாப்பில் ஒரு கறுப்புக் கண்ணாடி சும்மா தொங்குதே! வெல்டிங் ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு ஷேடு நம்பர் இருக்கும். அதில் ஒன்றைக் கழித்து, மூன்றால் பெருக்கி, ஏழால் வகுத்தால் டென்சிட்டி வந்துவிடும். ஷேடு 8 என்றால் சரியாக 3.0. அதாவது அச்சு அசல் பத்து ஸ்டாப்! ஆர்க் வெல்டிங்குக்கு அதிகம் புழங்குகிற ஷேடு 10 என்றால் 3.86, சுமார் 7,200 மடங்கு. 1/60 நொடிக் காட்சி ரெண்டு நிமிஷமாகிவிடும். புதுக் கண்ணாடியா, கீறல் இல்லாததா பார்த்து வாங்கி, ரப்பர் பேண்டால் லென்ஸில் கட்டுங்க. படம் பச்சைப் பசேல்னு வரும். மிரளாதீங்க, பிளாக் அண்ட் ஒயிட்டாக மாற்றிடுங்க. நிஜ ஃபில்டர் அளவுக்குக் கூர்மை இருக்காது, ஆனால் செலவைப் பாருங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. போட்டோ என்.டி ஃபில்டர் வழியா கண்ணால் சூரியனைப் பார்க்கவே கூடாது. இருட்டா தெரியுறதால பத்திரம்னு தோணும். ஆனால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பல ஃபில்டர்களில் தாராளமா உள்ளே வரும். சீப் ஃபில்டர்களில் படம் பழுப்பாக வருவதும் இதே காரணத்தால்தான்.

கேமராவே இல்லையா? போன் போதும். 2017-ல் ஐபோனின் லைவ் போட்டோவிலேயே லாங் எக்ஸ்போஷர் வந்துவிட்டது. அது உண்மையில் கண்ணாடி வேலை இல்லை, கணக்கு வேலை. அடுத்தடுத்து எடுத்த பிரேம்களைச் சராசரி எடுக்குது. போனை அசையாமல் வைத்து நூறு படம் எடுத்து, பைத்தானில் நீங்களே செய்யலாம். சராசரி எடுத்தால் ஆட்கள் புகையாவார்கள், நாய்ஸும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மீடியன் எடுத்தால் ஆட்கள் அடியோடு காணாமல் போவார்கள். மினி ப்ராஜெக்ட் தலைப்பு தேடுறவங்க நோட் பண்ணிக்குங்க.

இன்னும் மெதுவாகப் போகணுமா? ஜெர்மனியின் மைக்கேல் வெஸ்லி, நியூயார்க் மாமா மியூசியம் இடித்துக் கட்டப்பட்டதை 2001-லிருந்து 2004 வரை கேமரா வைத்து எடுத்தார். ஒரே படத்துக்கு 34 மாதம்! அதையும் முறியடித்தது ஒரு ஸ்டூடன்ட். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் யுனிவர்சிட்டியில் எம்.ஏ படித்த ரெஜினா வால்கன்பர்க், 2012-ல் ஒரு காலி பியர் கேனில் ஊசி ஓட்டை போட்டு, உள்ளே போட்டோ பேப்பரைச் சுருட்டி வைத்து, பேஃபோர்ட்பரி அப்சர்வேட்டரியில் ஒரு டெலஸ்கோப் மேல் கட்டிவிட்டார். அப்புறம் மறந்தும்விட்டார். 2020-ல் அங்கே வேலை செய்பவர் கழற்றிப் பார்த்தால், எட்டு வருஷம் ஒரு மாசத்து வானம் ஒரே பேப்பரில். சூரியன் ஏறி இறங்கிய தடங்கள் மட்டும் 2,953!

இதுக்கு ஃபில்டரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். கூல்டிரிங்க்ஸ் டின், ஊசி, கறுப்பு டேப், கொஞ்சம் பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ பேப்பர். எடுத்ததும் டெவலப் செய்யக் கூடாது, அப்படியே ஸ்கேன் பண்ணி நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் ரெடி. ஃபர்ஸ்ட் இயரில் கட்டிவிட்டு ஃபைனல் இயரில் கழற்றலாம். வாட்ச்மேன் அண்ணனிடம் மட்டும் முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க. மொட்டை மாடியில் டேப் சுற்றிய டின்னைப் பார்த்தால் பதறிப்போய் ஆளைக் கூப்பிட்டுவிடுவார்!